கடலை வைத்தால் ஓடும் அம்பு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஒட்டுக்கேட்டது. காலை வண்டி. மீஞ்சூரில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த பெண், மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் யாரிடமோ மும்முரமாகச் சொன்னாள்:

“அக்கா, ரெண்டு கிலோ கடலைய தட்டு மேல வைங்க. வச்சிட்டீங்களா? இப்ப அம்பு எந்தப் பக்கம் ஓடுது?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடலை வைத்தால் அம்பு ஏன் ஓட வேண்டும்? பொன்னேரியில் இறங்க வேண்டியவன் இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கியவள் கும்மிடிப்பூண்டி வந்தும் நிறுத்தவில்லை. ஸ்டேஷன் வாசலில் நாஷ்டா முடியும்வரை பேசினோம். மீதிக் கதையை அடுத்த மாதங்களில் அதே வண்டியிலும் அதே நாஷ்டாக் கடையிலும் கேட்டேன்.

[ஒட்டுக்கேட்டதையே ஒப்புக்கொண்டாயிற்று. இனி எதை மறைக்க? எழுதிக் கைவிட்ட வரிகளையும் இங்கேயே விட்டுவைக்கிறேன்.]

2

முதல் வரி மட்டும் நான்கு தடவை.

“சிப்காட்டின் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன் மெல்ல...” வேண்டாம். அவள் வேலை செய்யும் ஷெட்டுக்குப் புகைபோக்கியே கிடையாது.

“லினக்ஸ் என்பது உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் கூடி உருவாக்கும், எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க திறந்தமூல இயங்குதளமாகும். இதன் சிறப்பம்சங்களாவன...” ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை. வாசகர் ஓடிவிடுவார்.

“யாருக்கும் தெரியாது, ஒரு எடை மிஷினின் வயிற்றுக்குள் பன்னிரண்டு வருடமாக ஒரு...” ஐயோ, முடிச்சை முதல் வரியிலேயே அவிழ்க்கப் பார்த்தேன்.

கிறிஸ்டினாவுக்கு அன்று காலையிலேயே சிரிப்பு வந்தது. இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

கிறிஸ்டினாவுக்கு அன்று காலையிலேயே சிரிப்பு வந்தது. ரயிலில் பார்த்த அந்தப் பெண்தான், வயது இருபத்தெட்டு. அப்பா எட்வர்ட் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புப் பட்டறையில் இருக்கிறார். அவள் இருப்பது அங்கேயே நாற்பது பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி. பொருளை எடைபோட்டு, எடையும் தேதியும் அச்சடித்த லேபிளைத் துப்பும் மிஷின் செய்கிறார்கள். ஒவ்வொரு மிஷினையும் பெட்டியில் போகுமுன் சோதிப்பது அவள் வேலை. கம்ப்ளெயின்ட் போனை எடுப்பதும் அவள்தான்.

அன்று வந்த போன் பள்ளிப்பட்டிலிருந்து. நர்மதா என்று ஒருவர். சொந்தமாக நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். ஊர்ப் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கடலையை வறுத்துப் பாக்கெட் போட்டு, ஆடி மாதம் பெரியபாளையம் கோயில் கடைகளுக்கு அனுப்புகிறார். ஆறு மிஷின் வாங்கியிருக்கிறார். அவரிடம் இருப்பதோ பழைய கம்ப்யூட்டர்கள். காசு கொடுத்து மென்பொருள் வாங்கக் கட்டாது என்று தம்பி விமல் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

“மேடம், உங்க மிஷினு பேஜாரு பண்ணுது. கடலய வச்சா எடையே வரல. கம்ப்யூட்டர்ல அந்த அம்பு தன்னால ஓடிக்கினே கீது. மூட்டைய வச்சா மூலைக்கே போய் ஒட்டிக்குது.”

கிறிஸ்டினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் இருப்புக் கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே ஒரு மிஷினை எடுத்துத் தன் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுச் செருகினாள். ஒரு கிலோ படிக்கல்லை வைத்தாள். அம்பு ஓடியது.

3

[இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். மூன்று பத்திதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.]

கம்ப்யூட்டரில் எந்தக் கருவியைச் செருகினாலும் அது முதலில் தான் இன்னது என்று சொல்ல வேண்டும். நான் கீபோர்டு, நான் பிரிண்டர் என்று. அந்தக் கருவியோடு எப்படிப் பேசுவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தரும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். காசு கொடுத்து வாங்கும் இயங்குதளத்துக்கு மட்டும் கம்பெனிக்காரர்கள் டிரைவரை ஒரு சிடியில் போட்டுத் தருவார்கள். லினக்ஸுக்கு யாரும் தரவில்லை. ஆகவே லினக்ஸ், கருவி சொல்வதை அப்படியே நம்பும்.

இந்த எடை மிஷின் தன்னை மவுஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சிடியில் இருந்த டிரைவர் அதைக் காதில் வாங்காமல் எடையைப் படித்துவிடும். அதனால் இத்தனை வருடம் ஒருவருக்கும் தெரியவில்லை. லினக்ஸோ, அட மவுஸ்தானே என்று கடலையின் எடையை எல்லாம் கை அசைவாக எடுத்துக்கொண்டது.

ஏன் மவுஸ்? அதையும் அவளே கண்டுபிடித்தாள். மிஷினுக்குள் இருக்கும் சிப்பை விற்கிறவர்கள், பழகிப் பார்ப்பதற்கென்று ‘மாதிரிப் புரோகிராம்’ என்று ஒன்று கொடுப்பார்கள். அது சும்மா ஒரு மவுஸ். யாரோ அதற்குள்ளேயே எடையைத் திணித்திருக்கிறார்கள், தான் மவுஸ் என்று சொல்லும் முகப்பை மாற்றவில்லை. விற்றுப்போன நாலாயிரம் மிஷினும் இப்படித்தான். திருத்த வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் திருப்புளி போட்டுக் கழற்ற வேண்டும்.

பதினோரு மதிய இடைவேளைகளில் கிறிஸ்டினா ஒரு டிரைவர் எழுதினாள். நான் ரயிலில் பார்த்தது ஏழாவது நாள். பதினொன்றாம் நாள் நர்மதா போனில் எடையைப் படித்தார். “ரெண்டு கிலோ... அய்ய, ரெண்டு கிலோ பத்து கிராம். பத்து கிராம் நான்தான் கூட வச்சிட்டேன்.” கிறிஸ்டினா சோதனை மேசையைத் தட்டிய தட்டில் பேக்கிங் பகுதியிலிருந்து மெர்சி எட்டிப் பார்த்தாளாம். எனக்கே எழுதும்போது கை பரபரக்கிறது.

ஒரு மாதம் கழித்து விமல் கம்ப்யூட்டர்களைப் புதுப்பித்தான். அம்பு மறுபடி ஓடியது. தனியாகக் கொடுத்த டிரைவர் அப்படித்தான், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் கழன்றுகொள்ளும். மிஷினையெல்லாம் திருப்பி அனுப்பட்டுமா என்று நர்மதா கேட்டார். வழி ஒன்றுதான். டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் உலகத்தில் எந்த லினக்ஸில் செருகினாலும் மிஷின் தானாக வேலை செய்யும். கிறிஸ்டினா எழுதிய ஒன்று எல்லார் கம்ப்யூட்டரிலும் இருக்கும். அவளுக்கு அது வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், அதைப் பற்றிப் பேசும்போது இட்லியைப் பிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

4

இனி வில்லன் வர வேண்டும்.

“முதலாளி வீரராகவன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை முறைத்தார். ‘கம்பெனி ரகசியத்தை ஊருக்கு விற்கப் பார்க்கிறாயா?’ என்று...”

இதை இன்னொரு நாள் ரயிலில் அவளிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே கையை ஆட்டினாள். “சார் அப்டி இல்லீங்க. அவரு கண்ணாடியே போடமாட்டாரு.”

ஆகவே வில்லனை வாபஸ் வாங்குகிறேன். நடந்தது என்னவென்றால், வீரராகவன் உடனே சரி என்றார். மிஷினோடு பேசும் கட்டளைப் பட்டியல் கம்பெனிச் சொத்து. அதை வெளியே கொடுக்க அவர் சம்மதம் வேண்டும். கொடு, இதில் என்ன இருக்கிறது, நாலு இடத்தில் நம் மிஷின் ஓடினால் நல்லதுதானே என்றார். டீ வேறு வரவழைத்தார். பிறகு அனுப்பப் போகும் மடலைப் படித்தார். முதல் பத்தியில் நின்றுவிட்டார்.

லினக்ஸ்காரர்களிடம் ஒரு வழக்கம். மாற்றத்தைப் பொதுவான மடற்குழுவுக்கு அனுப்ப வேண்டும். மேலே அது ஏன் தேவை என்று எழுத வேண்டும். அடியில் உண்மைப் பெயரைப் போட்டு, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்ல வேண்டும். மடல் என்றைக்கும் அங்கேயே இருக்கும், யாரும் படிக்கலாம். ஏன் தேவை என்பதற்கு அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் பொருள் இது:

“இது எடை மிஷின். தயாரித்தவர்கள் சிப்போடு வந்த மாதிரிப் புரோகிராமை மாற்றாமல் விட்டதால் தன்னை மவுஸ் என்று தவறாகச் சொல்லிக்கொள்கிறது.”

வீரராகவன் அந்த இரண்டாவது வாக்கியத்தின் மேல் விரலை வைத்து, இதை எடுத்துவிடு என்றார். மற்றதெல்லாம் இருக்கட்டும். அவள் எடுத்துவிட்டு அனுப்பினாள்.

5

நான்கு மணி நேரத்தில் பதில் வந்தது!

[ஆச்சரியக்குறி என்னுடையது. அவள் இதைச் சொன்னபோது முகத்தில் இருந்ததை வேறு எப்படிப் போடுவது என்று தெரியவில்லை.]

எந்த நாடு என்று தெரியாது, ஆணா பெண்ணா என்று தெரியாது. யாரோ ஒருவர் கும்மிடிப்பூண்டியில் எழுதிய ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறார். ஒரு இடத்தில் இடைவெளி தப்பு என்றும் சொல்லியிருக்கிறார். நிரல் நன்றாக இருக்கிறது. ஆனால் இது மவுஸ் என்று சொல்கிறதே, அதை ஏன் எடை மிஷினாக நடத்த வேண்டும்? காரணத்தை எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் அடுத்த வெளியீட்டில் சேர்க்கலாம் என்று முடித்திருந்தார்.

கிறிஸ்டினா அதை மூன்று தடவை படித்தாள். இடைவெளியை உடனே திருத்தினாள். பிறகு அந்தக் கேள்வி உறைத்தது. எடுத்த வாக்கியத்தைத்தான் கேட்கிறார்.

அன்று செவ்வாய். அவள் வீரராகவனின் அறைக்குப் போனாள், பதிலைக் காட்டினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புதனும் சொல்லவில்லை.

6

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) வியாழக்கிழமை அவர் முடியாது என்கிறார். அவள் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு ஷெட்டை விட்டு... இதைக் கேட்டுக் கிறிஸ்டினா விழுந்து விழுந்து சிரித்தாள். “நான் இன்னா தப்பு பண்ணேன்? நான் எதுக்கு வேலைய உடணும்?”

(ஆ) அவருக்குத் தெரியாமல் அவளே வாக்கியத்தைச் சேர்த்து அனுப்பிவிடுகிறாள். ஆனால் அடியில் உரிமை உண்டு என்று உறுதி சொல்லிப் பெயர் போட வேண்டுமே. அந்த இடத்தில் பொய் சொல்வாளா? மாட்டாள். என் கதாபாத்திரம் சொல்லக்கூடும், அவள் மாட்டாள். கைவிட்டேன்.

(இ) கேள்வி கேட்டவரே விமானம் ஏறிக் கும்மிடிப்பூண்டிக்கு... மன்னிக்கவும். அன்று வெயில் அதிகம்.

7

நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழன் பிற்பகல் மூன்றரை மணிக்கு வீரராகவன் சோதனை மேசைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிஷினுக்குள் அந்த மவுஸ் புரோகிராமைப் போட்டது யார் என்று கேட்டியா என்றார். அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு முன், சென்னையில் ஒரு கண்காட்சி. கையில் இருந்தது மூன்று வாரம். கம்பெனியில் அப்போது அவர் ஒருவர்தான். சிப்போடு வந்த மவுஸ் புரோகிராமுக்குள் எடையைத் திணித்து ஓட்டிக் காட்டினார். கண்காட்சி முடிந்ததும் சரிசெய்யலாம் என்று நினைத்தார். ஆர்டர் வந்து குவிந்தது. ஓடுகிற புரோகிராமைத் தொடக்கூடாது என்று தனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

“எனக்குத் தெரியும்மா. பன்னண்டு வருஷமா தெரியும். யாரும் பாக்கலன்னு இருந்துட்டேன்.”

கிறிஸ்டினா மேசைமேல் இருந்த படிக்கல்லை ஓரமாக நகர்த்தினாள்.

“எழுது. ஆனா ‘தயாரித்தவர்கள்’னு போடாத. இங்க நாப்பது பேரு வேல செய்றாங்க. அது அவங்க தப்பு இல்ல. எம் பேரப் போடு.”

டீ குடித்துவிட்டு வருகிறேன், அதற்குள் அனுப்பிவிடு என்று சொல்லி எழுந்து போனார்.

அவள் மடலைத் திறந்தாள். வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்தாள். ‘தயாரித்தவர்கள்’ என்பதை அழித்தாள். அந்த இடத்தில் கர்சர் நின்று துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக எந்த வாக்கியத்துக்காக மனசுக்குள் அவரோடு மல்லுக்கட்டினாளோ அது இப்போது அவள் கையில் இருக்கிறது, அவளால் எழுத முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மின்சாரத்தைத் தலைகீழாகக் கொடுத்து முப்பது சர்க்யூட் போர்டை அவள் கருக்கியிருக்கிறாள். வாடிக்கையாளர் நேரில் வந்து யார் செய்தது என்று கேட்டார். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வீரராகவன், “எங்க கம்பெனி தப்பு” என்று மட்டும் சொன்னார்.

பெயர் இல்லாமலும் அந்த வாக்கியம் நிற்கும். மடலில் கேள்வி கேட்டவருக்கு அதுவே போதும். மிஷின் ஓடும், நர்மதா கடலை நிறுப்பார். ஆனால் வீரராகவன் போடச் சொன்னார். இத்தனை வருடம் கழித்து, தானாக வந்து உட்கார்ந்து சொன்னார். அதைப் போடாமல் விட்டால் அது அவருக்குச் செய்யும் மரியாதையா, அவர் சொன்னதை மதிக்காததா?

8

என்ன போட்டாள் என்று நான் கேட்டேன். சொன்னாள். இங்கே எழுதமாட்டேன்.

ஏனென்றால் எனக்கும் அதே சிக்கல். வீரராகவன் என்பது நான் வைத்த பெயர். இந்தக் கதையை எழுதிய மூன்று வாரத்தில் அவருடைய நிஜப் பெயரை நாலு முறை போட்டேன், நாலு முறை அழித்தேன். கோழைத்தனமா, அக்கறையா என்று இந்த நிமிடம் வரை தெரியவில்லை. தனக்கே விடை தெரியாத ஒருவன் உங்களுக்கு முடிவு சொல்லக்கூடாது.

ஆகவே நகருங்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டு, நீங்கள் அந்த நாற்காலியில் உட்காருங்கள். மடல் திறந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, இடைவெளியைக் கூட அவள் திருத்திவிட்டாள். ஒரே ஒரு இடம்தான் பாக்கி:

“______ சிப்போடு வந்த மாதிரிப் புரோகிராமை மாற்றாமல் விட்டதால், இது தன்னை மவுஸ் என்று தவறாகச் சொல்லிக்கொள்கிறது.”

பெயரைப் போடுங்கள், அல்லது கோட்டை அழித்துவிட்டு வாக்கியத்தை மட்டும் விடுங்கள். எதுவானாலும் அடியில் உங்கள் உண்மைப் பெயர் இருக்க வேண்டும். சீக்கிரம். வீரராகவன் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.