வைரக்கண்ணு வழி வாத்தியார்கள்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சடுகுடு வாத்தியார்கள் கதை. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பாதியில் மட்டும் எழுந்து போகக் கூடாது.

வைரக்கண்ணு வழி வந்த வாத்தியார் ஒருவரைக்கூடச் சுடுகாட்டுக்கோ கபர்ஸ்தானுக்கோ தூக்கிக்கொண்டு போனதில்லை. குழு ஜெயித்த ஒவ்வொரு பந்தயத்துக்கும் அவர்கள் ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்கினார்கள். மனுஷ உடம்பு எட்டுச் சாண், சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை. ஆகத் தொண்ணூற்றாறு ஜெயிப்பில் ஆள் முழுசும் உள்ளே போய்விடுவார். வலி கிடையாது. நடவுச் சேற்றில் நடப்பதுபோல இடுப்பளவு மண்ணைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். பின்னாலேயே மண் மூடிக்கொள்ளும், புல்கூடச் சாயாது. தார்ரோட்டிலும் சிமெண்டுத் தரையிலும் எல்லாரையும்போல முழு உயரத்துக்கு நிற்பார்கள். அதனால் வெளியூர்ப் பந்தயத்துக்குப் பஸ்ஸில் போவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

நன்னிலத்துக்குத் தெற்கே கீழப்பனந்தோப்புக் குழுவுக்கு வீரையன் வாத்தியார். பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. முதல் பந்தயத்தை ஜெயித்தது அறுபத்திரண்டு தை மாதம். கோட்டையில் ஆட்சி மாறி, ஊர் முனையில் கறுப்புச் சிவப்புக் கொடி ஏறியபோது அவர் தொடைவரை இறங்கியிருந்தார். கூலித் தகராறில் அறுவடை நின்று, போலீஸ் லாரி வந்து முகாம் போட்டபோது மார்புவரை. அவர் மனைவி கண்ணாத்தாள் நாலு மூட்டை சிமெண்டு வாங்கி வந்து, வீட்டுக்குள் அவர் நிற்க ஒரு சதுரமும் படுக்க ஒரு நீளமும் பூசி வைத்தாள். வாசலில் நின்று அவர் கஞ்சி குடித்தால், தட்டைத் தரையில் வைத்தாலே வாய்க்கு எட்டியது.

கழுத்துக்கு வந்தபோதுதான் கண்ணாத்தாள் கிளம்பினாள். இந்தப் பீடை யாரிடமிருந்து யாருக்கு வந்ததென்று ஆணிவேர்வரை பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று சொல்லி, கட்டுச்சோற்றோடு பஸ் ஏறினாள். வீரையனுக்குப் பழக்கியவர் சீர்காழிப் பக்கத்துப் பஞ்சநதம். அவர் எப்போதோ உள்ளே போய்விட்டார். அவர் தங்கை அம்சம் களத்து ஓரத்தில் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே மாடு கட்டினால் மாடு படுக்க மாட்டேன் என்கிறது என்றாள். ஜெயிப்பதால்தான் இறங்குகிறோம் என்று நினைத்துப் பஞ்சநதம் பதினொரு பந்தயத்தை வேண்டுமென்றே தோற்றாராம்.

"தோத்தும் ஒரு விரக்கடை மேல வரல அண்ணி. ஊர்ல கேட்ட ஏச்சுப்பேச்சுதான் மிச்சம். அப்புறம் ரோசத்துல ஒரே வருஷத்துல பதினாறு ஜெயிச்சுட்டுப் போய்ச் சேந்துச்சு."

பஞ்சநதத்துக்குப் பழக்கியவர் கடலோர ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜெக்கரியா. ஜெக்கரியாவின் மனைவி சைத்தூன் பீவிக்கு அப்போது எழுபது வயது, நாக்குக்கு மட்டும் இருபது. கண்ணாத்தாளை உட்காரவைத்து, முதலில் சோறு போட்டுவிட்டு அப்புறம் திட்டினாள்.

"எட்டுச் சாண்ல ஏழு சாண் போன பொறவா தேடி வர்றே? நாடியில மண்ணு ஒட்டுனாத்தான் ஒங்களுக்கெல்லாம் புருசன் நெனப்பு வருமோ?"

"தப்புதாங்க அம்மா. சொல்லுங்க, எதனால இப்படி?"

சைத்தூன் பீவி சொன்னது இதுதான். தன் புருஷனுக்கு ஆட்டம் பழக்கிய வைரக்கண்ணு, கீழப்பனந்தோப்பிலிருந்து விரட்டப்பட்டு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதற்கு முன்னால், நாற்பத்து நாலில், பண்ணையின் அறுத்த வயலில் பண்ணையாட்களைச் சேர்த்துக்கொண்டு முதல் பந்தயம் ஆடி ஜெயித்தார். யாரைக் கேட்டு இந்த மண்ணில் கோடு போட்டாய் என்று பண்ணைக் காரியஸ்தர் சாட்டையோடு வந்து நின்றார். வைரக்கண்ணு நடுக்கோட்டில் வலது குதிகாலை ஊன்றி, "எங்க மண்ணு" என்றார். அந்த இடத்திலேயே ஒரு விரற்கடை இறங்கினார். அன்றுமுதல் அவர் வழியில் யார் ஜெயித்தாலும், வாத்தியார் நடுக்கோட்டில் குதிகாலை ஊன்றி அதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது.

"ஜெயிக்கிறதுல ஒண்ணுமில்ல புள்ளே. சொல்றதுலதான் இருக்கு. நீ சொன்னா மண்ணு நம்பிருது. நம்பி, ஒன்னையத் தன்னோட ஆளா எடுத்துக்குது."

"ஒங்க வீட்டுல இது தெரியுமா அம்மா?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொன்னாரு. அந்த ஒரு வார்த்தை சொல்லத்தான் ஆடுறேன்னாரு, கூறுகெட்ட மனுசன்."

கண்ணாத்தாள் ஊர் திரும்பியபோது வீரையன் எண்பத்து நான்காவது பந்தயத்தை ஜெயித்து, மோவாய் மட்டத்தில் இருந்தார். தலை ஒரு சாண் மட்டும் வெளியே. அவள் தரையில் குப்புறப் படுத்து, முகத்துக்கு முகம் வைத்து, இனி அந்த வார்த்தையை எடுப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு மன்னார்குடியில் ஒரு பந்தயமும் சொந்த ஊரில் ஒன்றும் ஜெயித்தார்கள். வீரையன் வாய் திறக்கவில்லை, இறங்கவும் இல்லை. கண்ணாத்தாள் அந்த மாதம் வயிறாரச் சாப்பிட்டாள்.

மாசி மாதம் தாசில்தார் வந்தார். புது உச்சவரம்புச் சட்டப்படி பண்ணையின் உபரி நிலம் நாற்பது துண்டு. உழுதுவரும் நாற்பது குடும்பத்துக்குப் பட்டா கொடுக்க விசாரணை. உரிமை கேட்பவர்கள் அந்த நிலத்திலேயே நிற்க, அவர்களில் ஒருவராவது வாயால் சொல்ல வேண்டும். அன்றைக்கு யாரும் கேட்காத துண்டு பண்ணைக்கே திரும்பிவிடும். வரப்பில் பலகை போட்டு, அதன்மேல் நாற்காலி போட்டு, தாசில்தாரை உட்காரவைத்தார்கள். பழைய காரியஸ்தரின் மகன் தியாகேசன் இப்போது காரியஸ்தர். குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நாற்பது வீட்டு ஆட்களும் வயலில் வரிசை கட்டி நின்றார்கள். அவர்கள் காலடியில், பூசணிக்காய் காய்த்துக் கிடப்பதுபோல, வீரையனின் தலை.

கண்ணாத்தாள் தெரிந்துகொண்டு வந்தது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. சர்வே எண்ணைப் படித்து, இது யார் அனுபவத்தில் இருக்கும் நிலம் என்று தாசில்தார் கேட்டார். வரிசையில் முதலில் நின்ற ஐயாவு அந்தத் தலையைப் பார்த்தார், வரிசைக்குள் ஓரடி பின்வாங்கினார். இரண்டாம் முறையும் கேட்டார்கள். நண்டு வளைக்குள் போகும் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா சார்? உரிமைன்னு மேடையிலதான் கத்துவானுங்க. மண்ணுல நின்னு சொல்ல ஒருத்தனுக்கும் தெம்பு கெடையாது. எழுதிக்கங்க, யாரும் கோரலைன்னு," என்றார் தியாகேசன்.

கண்ணாத்தாள் ஓடிவந்து வீரையன் முன்னால் மண்டியிட்டாள். "பேசாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவுது, பேசாதீங்க."

"கண்ணாத்தா, கொஞ்சம் தள்ளிக்க. ஆபீசர் மொகம் தெரியல," என்றார் வீரையன்.

அவள் அசையாமல் இருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு, "எங்க மண்ணு" என்றார். மோவாய் போயிற்று. தாசில்தார் ஐயாவு பெயரை எழுதிக்கொண்டு அடுத்த எண்ணைப் படித்தார். "எங்க மண்ணு." கீழுதடு போயிற்று. மூன்றாவது எண்ணுக்கு வாய் உள்ளே போய்விட்டது. ஆனாலும் பதில் வந்தது. ஏழாவதில் மூக்கு. ஒன்பதாவதில் கண்கள், மூடாமலேயே போயின. பன்னிரண்டாவதில் உச்சிமுடியும் உள்ளே போய், அவர் இருந்த இடத்தில் வெறும் அறுத்த நெல்தாள் இருந்தது. தாசில்தார் பதின்மூன்றாவது எண்ணைப் படித்துவிட்டுக் காத்திருந்தார். பதில் தரைக்கடியிலிருந்து வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல. இருபதில் பலகை அதிர்ந்தது. முப்பதில் வாய்க்கால் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. நாற்பதாவது பதிலை யாரும் காதால் கேட்கவில்லை, உள்ளங்காலில் கேட்டார்கள். தியாகேசன் குடையை மடக்கிக்கொண்டு தார்ரோட்டைப் பார்த்து நடந்தார். தாசில்தார் நாற்பது பேரையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

பங்குனியில் பட்டா வந்தது. கண்ணாத்தாள் பங்குக்கும் ஒரு துண்டு. அவள் ஒரு வருஷம் யாரோடும் பேசவில்லை. அடுத்த தையில் வாத்தியார் இல்லாமல் குழு கலையப் பார்த்தபோது, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தானே களத்தில் இறங்கினாள். பொம்பளை பழக்கினால் பிடி நிற்குமா என்று சிரித்த ஊர்களையெல்லாம் வரிசையாகத் தோற்கடித்தாள். முதல் ஜெயிப்பன்று எல்லாரும் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் நடுக்கோட்டில் குதிகாலை ஊன்றினாள்.

"வேணாம் அத்தாச்சி," என்றார் ஐயாவு.

"நீ சொல்லியிருந்தா நான் ஏன்டா சொல்லப்போறேன்?" என்றாள் கண்ணாத்தாள். பிறகு சொன்னாள், ஒரு விரற்கடை இறங்கினாள்.

அவள் எண்பத்தெட்டாம் வருஷம் உள்ளே போனாள். அவளுக்குப் பிறகு ஐயாவு. ஐயாவுக்குப் பிறகு அவர் பழக்கியவர்கள். இப்போது எங்கேனும் பந்தயம் நடந்தால், உன் வாத்தியார் யார், அவருக்கு யார் என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலி போடுகிறார்கள். வைரக்கண்ணு வழி என்றால், வாத்தியார் மண்ணில் இறங்காமல் உட்கார நாற்காலிக்கு அடியில் ஒரு பலகை.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு ஒருநாளும் அவியாதிருக்கட்டும். வெளியே போனவர்கள் விளக்கு வைப்பதற்குள் வந்து சேரட்டும். வீட்டில் பேச வேண்டியதை ஒருவருக்காக ஒருவர் பேசுகிற வாய் உங்கள் எல்லாருக்கும் இருக்கட்டும்.