படுக்க வைத்துப் பாருங்கள்

பதினோராம் நாள் பலவேசத்தின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. டாக்டர் அனந்தநாராயணன் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழவில்லை. நாடி பிடித்தார். வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டு எழுதினார்.

அது 1937 ஆடி. குற்றாலத்தில் சாரல். அருவியில் வழுக்கி விழுந்தவர்களும் காய்ச்சல்காரர்களுமாகத் தென்காசியின் அந்தச் சிறிய ஆஸ்பத்திரி நிரம்பிக் கிடந்தது. பலவேசம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி. இதயம் பலவீனப்பட்டு, உடம்பெல்லாம் நீர் கோத்து வந்து படுத்திருந்தார்.

"அய்யா, படுத்தா இன்னும் மூச்சு முட்டுது. சுவத்துல சாஞ்சேதான் உறங்குதாவ" என்றாள் அவர் மனைவி ஆவுடைத்தாய்.

"வீக்கம் வடிஞ்சாச்சும்மா. இந்தக் கட்டிலுக்கு வெளியில ஆள் காத்திண்டிருக்கா."

மாட்டுவண்டியில் போனார்கள். நான்காம் நாள் மத்தியானம் அதே வண்டியில் திரும்பி வந்தார்கள். பலவேசத்தின் உதடு நீலம் பாரித்திருந்தது, வாயில் நுரை. டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் ஆவுடைத்தாயிடம் கேட்டார்:

"கஞ்சியில உப்பைப் போட்டியோ?"

கணவருக்கு ஆகாததென்று அந்த நாலு நாளும் அவளும் உப்பில்லாமல்தான் குடித்திருந்தாள்.

"ஒரு கல்லு போடல. அனுப்புன அன்னைக்கு இவுகளப் படுக்கவச்சுப் பாத்தியளா? நாலு எட்டு நடக்கவிட்டுப் பாத்தியளா? நான் சொன்னது காதுல ஏறல. இப்ப எம்மேல பழியப் போடுதிய."

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஒன்பது நாளில் வீக்கம் மறுபடி வடிந்தது. மறுபடி சீட்டு. ஆவுடைத்தாய் கை நீட்டவில்லை. கணவரின் முதுகுக்கு அண்டைகொடுத்திருந்த தலையணைகளை உருவினாள்.

"நின்னு பாருங்க" என்றாள் டாக்டரிடம்.

பலவேசம் மல்லாந்து படுத்தார். இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. இருமிக்கொண்டே எழுந்து, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி வாயால் மூச்சு இழுத்தார்.

டாக்டர் முகம் கன்றிப்போயிற்று. சீட்டைக் கிழித்துப் போட்டார். மருந்தின் அளவை மாற்றினார். அதன்பின் தினமும் காலையில் அவரே வந்து தலையணையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். எட்டாம் நாள் பலவேசம் தட்டையாகப் படுத்து உறங்கினார். வெளிவாசல்வரை போய் இளைக்காமல் திரும்பினார். அப்புறம்தான் சீட்டு.

வண்டி ஏறும்போது வார்டு ஆள் மாடக்கண்ணு சொன்னான்: "டாக்டரய்யாவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயேன்க்கா. உசிரக் காப்பாத்திருக்காரு."

"மொதல்லயே நான் சொன்னதக் கேட்டிருந்தா இவுக இந்தப் பாடு பட்டிருக்க மாட்டாவ" என்றாள் ஆவுடைத்தாய். "நான் கும்பிட மாட்டேன்."

கணவரைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்காரவைத்தாள். வண்டி குற்றாலம் ரோட்டில் திரும்பியது.