கூரையின் இருமல்

கூரையில் தொங்கும் பனிக்கட்டி கீழே விழுவதற்கு முன்னால் தன்னைப் பார்த்து ஒருமுறை மரியாதையாக இருமிக் காட்டும் என்று சவேலி ரோமானவிச் கதை அளக்காத விருந்து பீட்டர்ஸ்பர்க் நகரத்திலேயே கிடையாது. ஒரு பிப்ரவரியில் ட்ராம் வண்டி நீளத்துக்கு ஒரு கட்டி இருமியதாம். இவர் ஓட்டிக்கொண்டிருந்த ட்ராமை அப்படியே பின்னால் எடுத்தாராம். கட்டி தண்டவாளத்தின் நடுவே செங்குத்தாகக் குத்தி நின்றதாம். கண்டக்டர் அம்மாள் இறங்கிப் போய் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாளாம். மே மாதம் வரை அது கரையவில்லை, பேட்டைப் பிள்ளைகள் வரிசையில் நின்று நக்கித்தான் தீர்த்தார்கள் என்று முடிப்பார்.

இப்போது அவருடைய படத்துக்கு முன்னால் அவர் மகள் இங்கா ஒரு சின்னக் கிளாஸில் வோட்காவை ஊற்றி, அதன் வாயைக் கறுப்பு ரொட்டித் துண்டால் மூடிக்கொண்டிருந்தாள். கோபத்தில் அழுத்தி மூடியதில் ரொட்டியின் ஓரம் நனைந்தது. இடுகாட்டிலிருந்து திரும்பிய பூட்ஸுகள் வாசலில் சேற்றுக் குளம் கட்டியிருந்தன. சாவு வீட்டு வழக்கப்படி நிலைக்கண்ணாடிமேல் போர்வை. அடுப்படியில் அம்மா தைசியா அப்பம் வார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று நாளாக அவள் அழவில்லை, மாவுதான் கரைக்கிறாள். அடுக்கி வைத்திருந்த உயரத்தைப் பார்த்தால் நெவா ஆற்றுக்குக் குறுக்கே அப்பத்தாலேயே பாலம் போட்டுவிடலாம்.

காலையில் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் வாசலில் குனிய வேண்டியிருந்தது. குறுக்கே சிவப்பு வெள்ளை நாடா. எங்கள் வட்டாரக் கட்டட நிர்வாகம் தாராளமாகத் தரும் ஒரே பொருள் அந்த நாடாதான். கூரைக்கு ஆள் ஏற்றிப் பனியைத் தட்டிவிடச் சொன்னால் ஆள் இல்லை, ஏணி இல்லை, இடுப்புக் கயிறு இல்லை என்பார்கள். நாடா மட்டும் நிலாவைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டாலும் மிச்சமிருக்கும். மற்ற வீடுகளில் நவம்பரிலேயே கட்டிவிட்டு ஏப்ரல் வரை தலைக்குமேல் பார்ப்பதேயில்லை. நாடாவைத் தாண்டி நடந்தால் பனி கொல்லும், தாண்டாமல் தெருவில் இறங்கினால் பஸ் கொல்லும். எப்படிச் செத்தாலும் குற்றம் செத்தவனுடையது.

எங்கள் வாசலில் இந்த வருடம், மூன்று நாளைக்கு முன்னால் சவேலிமேல் பனிக்கட்டி விழும்வரை, அதைக்கூடக் கட்டவில்லை. இங்காவுக்கு அது நன்றாகத் தெரியும். சனிக்கிழமைதோறும் அந்த வாசல் வழியாகத்தான் அப்பாவைப் பார்க்க வந்துபோவாள்.

"ஒரு வாய் கூத்யா சாப்பிடுங்க மாமா," என்று தேனும் திராட்சையும் போட்டு வேகவைத்த கோதுமைக் கிண்ணத்தை மேசை மூலையிலிருந்த கேஷாவிடம் நகர்த்தினாள். அவர் வலது கையால் வாங்கினார். இடது கை மேசைக்கு அடியிலேயே இருந்தது. உள்ளங்கையில் கட்டு.

"கைக்கு என்ன?"

"வழுக்கி விழுந்துட்டேன்மா."

கேஷா முன்னாள் இயற்பியல் வாத்தியார். இப்போது எங்கள் வாசலின் காவல்காரர். படிக்கட்டுக்கு அடியில் நிர்வாகம் கொடுத்த அறைதான் அவருக்கு வீடு. சவேலிக்கு நாற்பது வருடச் சிநேகிதர், அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாத ஒரே மனிதர். "ஐஸுக்குத் தொண்டை கிடையாதுடா மடையா, எங்கிருந்து இருமும்?" என்பார். அதனாலேயே சவேலிக்கு அவரைப் பிடிக்கும். குளிர்காலத்தில் பின்னாலேயே போய் "க்ஹம்" என்று இருமுவார். முதல் சில வருடங்கள் கேஷா துள்ளிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பிறகு துள்ளுவதை நிறுத்திவிட்டார். "தொண்டைக்கு மிட்டாய் வாங்கிச் சப்பு," என்று திரும்பிப் பாராமலே சொல்லிவிட்டு நடப்பார்.

விபத்தின்போது தான் அறைக்குள் இருந்ததாகவும், சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்ததாகவும் அவர் இங்காவிடம் சொல்லியிருந்தார். அதற்குமேல் மூன்று நாளாக வாய் திறக்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது. நிர்வாகத்தின் இன்ஜினியர் லோபனோவ், கையில் சிவப்பு கார்னேஷன் பூங்கொத்தோடு நின்றார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"நிர்வாகத்தோட ஆழ்ந்த அனுதாபம் அம்மா. ரொம்பக் கலகலப்பான மனுஷர்."

தைசியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பூவை வாங்கினாள். ஈரக் கையால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். ஏழு இருந்தது. ஆபீஸ் பெண்களின் பிறந்தநாளுக்கு வாங்கி வாங்கிப் பழகிய கை, கடைக்காரியிடம் அதே கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும். தைசியா ஒன்றை உருவி, அவருடைய கோட்டுப் பையில் செருகினாள்.

"இது உங்களுக்கு. எங்க வீட்டுக்காரருக்கு ரெட்டைப்படை போதும். ஒத்தைப்படை உயிரோட இருக்கறவங்களுக்கு."

லோபனோவின் காதுகள் கார்னேஷன் நிறத்துக்கு வந்தன. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

"உக்காருங்க," என்றாள் இங்கா. "சாவு வீட்ல யாரையும் சாப்பிடாம அனுப்பறதில்ல. உங்களைக்கூட."

உட்கார்ந்தார். ஒரு அப்பத்தைக் குறுக்காக வெட்டினார், நெடுக்காக வெட்டினார், வாயில் வைக்கவில்லை.

"நாளைக்கு விசாரணைக்கு வருவாங்க," என்றார். "அநாவசியமா தகராறு வேணாமேன்னுதான் சொல்ல வந்தேன். நாடா கட்டியிருந்துச்சு. அவர் தாண்டிப் போயிருக்கார். கொஞ்சம் ஏத்திட்டு வேற…"

"காலைல ரொட்டி வாங்கப் போன மனுஷன்!" என்றாள் இங்கா.

"கோபப்படாதீங்க. ஐஸ் எனக்கு இருமிக் காட்டும், நான் பயப்படவே மாட்டேன்னு அவரே ஊர் பூரா சொல்லிட்டிருந்தார். எங்க ஆபீஸ்லகூட வந்து சொன்னார். இப்படிப்பட்டவர் ஒரு நாடாவுக்கா நிப்பார், நீங்களே சொல்லுங்க?"

இங்காவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அப்பா அந்த ஆபீஸுக்குக் கதை அளக்கப் போகவில்லை. கூரையைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கெஞ்சப் போனார். கெஞ்சத் தெரியாத மனிதர் என்பதால் கதையாகச் சொன்னார். 'நம்ம வாசலுக்கு மேல தொங்கறதுக்கு இப்பவே சளி பிடிச்சிருக்கு, ஆளை அனுப்புங்க' என்றாராம். அங்கே எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்து, டீ கொடுத்து அனுப்பினார்களாம். சிரிக்க வைத்துவிட்டேன், இனி ஆள் வந்துவிடும் என்று வீட்டுக்கு வந்து குதித்தார்.

"அந்த நாடா இப்ப எதுல கட்டியிருக்கு, பாத்தீங்களா?" என்றாள்.

"மழைத்தண்ணிக் குழாய்ல."

"குழாயோட உடைஞ்ச முனைல. அந்தக் குழாயை உடைச்சது எது? என் அப்பா மேல விழுந்த அதே ஐஸ். அது விழறதுக்கு முன்னாடியே உடைஞ்ச முனைல எப்படிங்க முடிச்சுப் போட்டீங்க?"

லோபனோவ் கத்தியைக் கீழே வைத்தார். "பழைய நாடா அறுந்துபோச்சு. மறுபடி கட்டினோம். அவ்வளவுதான். வாசல்ல ஆள் இருந்திருக்கார், பாத்திருக்கார். இன்னோகென்தி பெத்ரோவிச், நீங்களே சொல்லுங்க."

கேஷாவை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுப் பல வருடமாகிறது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டதோடு சரி. அவர் நிமிர்ந்தார். இடது கையை மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

இங்கா அவரையே பார்த்தாள். அந்த வாய் 'ஆமா' என்று சொன்னால் நாளை எல்லாம் முடிந்துவிடும். குடித்துவிட்டு நாடா தாண்டிய கிறுக்கன் என்று அப்பாவை மண்ணுக்கடியிலும் வைத்து மூடிவிடுவார்கள். மேலே அடுத்த கட்டி நிம்மதியாக நீளும்.

தைசியா கல்லிலிருந்து எடுத்த கடைசி அப்பத்தைக் கொண்டுவந்து கேஷாவின் தட்டில் போட்டாள். அதன்மேல் ஒரு துண்டு வெண்ணெய் வைத்தாள்.

"சாப்பிடு கேஷா. அவன் எப்பவும் கடைசி அப்பம் தனக்குத்தான்னு சண்டை போடுவான். இனிமே உனக்குத்தான்."

வெண்ணெய் உருகி ஓரத்துக்கு ஓடியது. கேஷா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்த கையை எடுத்து மேலே வைத்தார். கட்டின் நடுவில் கறுப்பாக ரத்தம் காய்ந்திருந்தது.

"நாடா கிடையாது," என்றார்.

"இன்னோகென்தி பெத்ரோவிச்…"

"ஆம்புலன்ஸ் போனப்புறம் நீங்கதான் போன் பண்ணினீங்க. உடனே கட்டுன்னீங்க. இல்லாட்டி அறையைக் காலி பண்ணுன்னீங்க. நான்தான் கட்டினேன். இந்தக் கையாலதான் கட்டினேன். முடிச்சுல ரத்தம்கூட இருக்கும், போய்ப் பாருங்க."

"உங்களுக்கு உடம்பு சரியில்ல. நாளைக்குப் பேசலாம்."

"நாளைக்கும் இதையேதான் பேசுவேன். விசாரணைக்காரன்கிட்ட." கேஷா கால்சட்டைப் பையைத் துழாவி, கம்பிவளையத்தில் மாட்டியிருந்த சாவியை எடுத்து லோபனோவின் தொப்பிக்குள் போட்டார். "ஜன்னல் சரியா மூடாது. அட்டை வெச்சு அடைச்சிருக்கேன். அதையும் வெச்சுக்குங்க."

லோபனோவ் எழுந்தார். அவசரத்தில் தொப்பியைச் சாவியோடு சேர்த்துத் தலையில் கவிழ்க்கப் போக, சாவி தோளில் பட்டுத் தரையில் விழுந்து கணீரென்றது. மேசையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் கழுத்து அப்படிப் பழகியது. அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டு, பையில் ஒற்றைப் பூ தலையாட்ட, படியிறங்கிப் போனார். யாரும் வழியனுப்பவில்லை.

இங்காவின் கோபம் அவரோடு இறங்கிப் போகவில்லை. அது மேசையைச் சுற்றிவந்து கேஷாவுக்கு முன்னால் நின்றது.

"உள்ள இருந்தேன்னீங்களே மாமா. உள்ள இருந்தவருக்குக் கைல எப்படி அடிபட்டுச்சு?"

அவர் கட்டின் அவிழ்ந்த முனையை உள்ளே செருகினார். இங்காவுக்கு அவரை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அடுப்படியில் தைசியா குழாயைத் திறந்து மாவுப் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினாள், பிறகு குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள்.

"ரெண்டு பேரும்தான் கிளம்பினோம்," என்றார் கேஷா. "நான் முன்னால, அவன் பின்னால. வழக்கம்போல. 'கேஷா, இருமுது, நகருடா'ன்னு கத்தினான். தெனமும் கத்தறவன்தானே. நான் நடுவுல நின்னுட்டேன். வேணும்னேதான் நின்னேன். அண்ணாந்து பாத்து, 'எங்க, இன்னொரு தரம் இருமச் சொல்லு'ன்னேன்."

"அப்புறம்?"

"தள்ளினான். ட்ராம் மோதின மாதிரி இருந்துச்சு. சுவரோரம் போய் விழுந்தேன், கை கிழிஞ்சுது. திரும்பிப் பாத்தா…"

வெளியே ஜன்னல் தகரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வெயில் ஏறுகிறது. படத்துக்கு முன்னாலிருந்த ரொட்டித் துண்டு காய்ந்து ஓரம் மடங்கத் தொடங்கியிருந்தது. கேஷா தன் கிளாஸை எடுத்தார், யாருடைய கிளாஸிலும் இடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டார்.

"இருமிச்சு இங்கா," என்றார். "ரெண்டு தரம். மொதல் தரம் அவன்தான் இருமறான்னு நெனச்சுட்டேன்."