தூபக்காலில் போலந்துக் கரி

நிலக்கரிச் சுரங்க ஊரான கோர்பாவில் குளிர்காலச் சாயங்காலங்களில் வீட்டுக்கு வீடு வாசலில் இரும்பு அடுப்பை வைத்து நிலக்கரியைப் பற்றவைப்பார்கள். கனமாக, கொஞ்சம் மஞ்சளாக ஒரு புகை எழும்பித் தெருவை மூடும். வங்கி வேலைக்காக இந்த ஊருக்கு வந்த புதிதில், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். எனக்கு அது சொந்த ஊரான கரமனையின் வாசனை. எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை வாசனை.

கரமனை அக்ரஹாரத்தில் யாரும் நிலக்கரி எரிப்பதில்லை. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை எரிந்தது.

நான் ப்ளஸ் ஒன் படித்த வருஷம் போலந்திலிருந்து சில மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். தொழிற்சாலைகளும் பருவநிலை மாற்றமும் என்பது பேச்சு. வந்தவர்கள் எங்கள் வீடுகளிலேயே தங்கினார்கள். அடுத்த வருஷம் நாங்கள் அங்கே போய்த் தங்குவதாக ஏற்பாடு. கடைசி நாளான சனிக்கிழமை, அவர்களில் ஒருவரும் எங்களில் ஒருவரும் ஜோடியாக மேடையேறி, தங்கள் ஊர்த் தொழிலைக் காட்டும் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

என் ஜோடி ஸோஷா. அவள் அப்பா சுரங்கத் தொழிலாளி. அந்தச் சுரங்கத்தை மூடிய அன்று கடைசியாக வெட்டிய கரியில் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்களாம். அதைத்தான் மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். என் பொருள், எங்கள் ஊர் மணல் வாரும் தொழிலைக் காட்ட, ஒரு டம்ளர் கரமனையாற்று மணல்.

"ஆத்துமணல் வாரினா கேஸாக்கும்" என்றார் அப்பா. "ஸ்டேஷன்ல வந்து ஜாமீன் எடுக்க எனக்கு லீவ் கிடையாது, கேட்டியா?"

ஸோஷா வந்து இறங்கிய அன்று நான் ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் உள்ளே போய், துணியில் சுற்றிய கரியை அம்மா கையில் கொடுத்து, பத்திரமாக வைக்கும்படி இங்கிலீஷில் ஏதோ சொல்லியிருக்கிறாள். அம்மா எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டியிருக்கிறாள். நான் பார்க்கும்போது கரி பூஜை அலமாரியில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. இதைவிடப் பத்திரமான இடம் எங்கள் வீட்டில் கிடையாது. ஸோஷாவுக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனது.

"உஷா நல்ல குட்டி" என்றாள் அம்மா. ஸோஷா என்ற பேர் அம்மாவுக்கு முதல் நாளே உஷாவாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளியில் ஒத்திகை. அதற்கு முந்தைய வருஷ மழையில் என் வகுப்பு அனீஷின் வீட்டுக்குள் ஆறு புகுந்து, அவர்கள் முகாமில் போய்த் தங்க வேண்டியிருந்தது. ஸோஷா சுரங்கம் என்று ஆரம்பித்ததுமே அவன் என்னிடம் குரலை உயர்த்தினான்.

"எடீ, உன் கூட்டுக்காரிகிட்ட கேளு. அவ அப்பா தோண்டின கரிதானே எங்க வீட்டு அடுக்களைக்குள்ள ஆறா வந்தது? நாளைக்கு எல்லார் முன்னாலயும் கேட்பேன், பாத்துக்கோ."

நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கு நான் பேசவில்லை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா தந்த கரி கையில் இருந்தால் பேசிவிடுவேன் என்று நினைக்கிறேன்" என்றாள்.

அம்மாவிடம் மேடைப் பயம் என்று மட்டும் சொன்னேன்.

"பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுட்டு வாங்கோ. நாக்கு குழறாது."

போனோம். சுரங்கக்காரர் மகள் அல்லவா, ஓங்கி ஒரே எறி. தேங்காய் சுக்குநூறாகச் சிதறியது. பக்கத்தில் நின்றவர் வேட்டியை உதறிக்கொண்டு, "ஈ மோள் கொள்ளாமல்லோ!" என்று, பெண் பலே ஆள்தான் என்கிற மாதிரி மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். பஸ்ஸில் திரும்பும்போது ஸோஷாவும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் தெருமுனையில் சட்டென்று நின்றாள். மூக்கை உயர்த்தி மோந்தாள்.

"எங்கள் தெரு" என்றாள். "குளிர்காலத்தில் எங்கள் தெரு இப்படித்தான் இருக்கும்." முகமெல்லாம் மலர்ந்து, எனக்கு முன்னால் ஓடினாள்.

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பத்மஜா மாமி கத்திக்கொண்டிருந்தாள். "விஜயம், என்னடி இது, டயரைக் கொளுத்தறயா? எங்காத்துல எல்லாரும் இருமி மாளலை!"

உள்ளே பூஜையறை தெரியவில்லை. புகைக்கு நடுவிலிருந்து அம்மா தூபக்காலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"வாடி உஷா! பாத்தயா, நீ தந்த கரியை மொதமொதல்ல ஸ்வாமிக்காக்கும் போட்டேன். சாம்பிராணி மணக்கறதோ? பத்தவே மாட்டேன்னுது, அம்மிக்குழவியால ரெண்டாப் பொளந்து, நெய் ஊத்தி..."

எங்கள் வீட்டில் யார் எது கொண்டுவந்தாலும் முதலில் ஸ்வாமிக்கு. மாம்பழமானாலும் சரி, புதுத் துணியானாலும் சரி. ஒரு குழந்தை கடல் கடந்து கரி கொண்டு வந்திருக்கிறது என்றால், வெள்ளிக்கிழமை தூபத்துக்கு அல்லாமல் வேறு எதற்கு?

ஸோஷா அலமாரியைப் பார்த்தாள். துணி மட்டும் மடித்து வைத்திருந்தது.

நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மா தூபக்காலைத் தரையில் வைத்தாள். "அய்யோ, அவ அப்பா தந்ததா? நாளைக்கு வேணுமா?"

"அம்மா, முதல்ல அணை!"

"வெள்ளம் விடப்படாது, ஸ்வாமி நெருப்பு!" என்று தண்ணீர்ச் செம்பை ஒதுக்கிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தவள், மேஜைமேல் இருந்த என் டம்ளரை எடுத்து, ஆற்றுமணல் முழுவதையும் தூபக்காலில் கவிழ்த்தாள். புகை தணிந்தது.

ஸோஷா தரையில் உட்கார்ந்து தூபக்காலுக்குள் பார்த்தாள். மணலுக்கு வெளியே பாதி வெந்த கரித்துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோடி குழந்தே. எனக்கு ஒண்ணும் தெரியலை." தமிழில்தான் சொன்னாள். ஸோஷா அந்தப் புகையை இன்னொரு தடவை மோந்தாள்.

மறுநாள் தூபக்காலையே எடுத்துக்கொண்டு போனோம். வேறு என்ன செய்வது? மேடையில் அனீஷ் சொன்னபடியே எழுந்து கேட்டான், இங்கிலீஷில், மரியாதையாகத்தான். தன் வீட்டு வெள்ளத்துக்கு அந்தக் கரிதானே காரணம் என்றான்.

ஸோஷா தூபக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இதுவும் ஒரு காரணம்" என்றாள். "இதை வெட்டித்தான் அப்பா என்னை வளர்த்தார். நேற்று இவள் வீட்டில் இது எரிந்தது. எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது, சந்தோஷமாக இருந்தது. இவள் அம்மா இருமினார்கள், தெருவே இருமியது. எங்கள் ஊரில் எங்கள் பாட்டியும் இப்படித்தான் இருமுவாள். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இறங்க எனக்குத் தெரியவில்லை."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். மணலைப் பற்றி நான் எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "இதை அணைச்சது எங்க ஊர் ஆத்துமணல்" என்று மட்டும் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் அனீஷ் வந்து தூபக்காலுக்குள் மூக்கை விட்டான்.

"அய்யே, என்னா நாத்தம்!" என்றான். பிறகு ஸோஷாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

ஸோஷா ஊருக்குக் கிளம்பும்போது அம்மா அந்தத் தூபக்காலை மணலும் கரியுமாகத் துணியில் சுற்றி அவள் பெட்டியில் வைத்தாள். "உன் அப்பாகிட்ட குடு. பாதியாவது திரும்பிப் போகட்டும்."

அடுத்த வருஷம் கொரோனா வந்தது. நாங்கள் போகவே இல்லை. ஸோஷாவின் தெருவில் இப்போது கரி அடுப்பே கிடையாதாம், எல்லா வீட்டிலும் கேஸ். தூபக்கால் சமையலறை ஜன்னலில் இருக்கும் படம் அனுப்பினாள். அவள் அப்பா சில நாள் அதை எடுத்து மோந்து பார்ப்பாராம்.

நேற்று அம்மா போன் பண்ணினாள். "அங்கே ஒரே கரிப் புகையாமே. ஜன்னலைச் சாத்திக்கோடி, கேட்டியா?"

"சாத்திட்டேன் அம்மா" என்றேன், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.