பூஜையில் வைத்த பை

போன வருஷ மழையில் வில்லாபுரத்துக்குள் கண்மாய்த் தண்ணீர் புகுந்தபோது, முத்துமீனா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கட்டிய சேலையோடு ஓடினாள். மூத்தவள் சத்யப்ரியாவின் வலிப்பு மாத்திரை வீட்டிலேயே கிடந்துவிட்டது. தங்கவைத்த பள்ளிக்கூடத்தில், அத்தனை பேர் பார்க்கப் பிள்ளைக்கு வெட்டி வெட்டி இழுத்தது. பெற்றவளுக்கு அது இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

அதனால் இந்த வருஷம் வானம் இருட்டுவதற்கு முன்பே ஒரு பை கட்டிவிட்டாள். மாத்திரை அட்டைகள், ரேஷன் கார்டு, ஆதார், மாற்றுத்துணி, டார்ச், பிஸ்கட் எல்லாம் பாலிதீன் கவருக்குள் பத்திரமாக இருந்தன. புருஷன் சிவபாண்டி வயரிங் வேலைக்காரன். கை ஓய்ந்தாலும் அவனுக்கு வாய் ஓயாது.

"என்ன மீனா, கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டியா? எம்புட்டு நாளா இந்தத் திட்டம்?"

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. தண்ணி வந்தா தெரியும்."

ஆயுத பூஜை அன்று அவன் பலகையில் டிரில்லிங் மிஷின், டெஸ்டர், பிளையர் எல்லாம் அடுக்கிச் சந்தனம் வைத்தான். சத்யப்ரியா புத்தகங்களை வைத்தாள். "உங்கம்மாவுக்கு ஆயுதம் அந்தப் பைதான். அதையும் கொண்டாந்து வை" என்றான் மகளிடம். கேலிதான். ஆனால் முத்துமீனாவுக்கு அது பிடித்துப்போயிற்று. தானே பையைக் கொண்டுவந்து வைத்து, குங்குமம் இட்டு, இதுக்கு வேலையே வரக்கூடாது தாயே என்று கும்பிட்டாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். இதில் சிவபாண்டி படு கறார். மத்தியானம் எதிர்வீட்டு ராம்கி வந்து, "அண்ணே, ஃபேன் ஓடலண்ணே" என்று கெஞ்சியும் அவன் மசியவில்லை. "இன்னைக்கு டெஸ்டரத் தொட மாட்டேன் மாப்ள. நாளைக்கு வாரேன்" என்று அனுப்பிவிட்டான்.

சாயங்காலம் கண்மாய்க் கரை உடைந்தது. தெருவில் என்ன கூச்சல் என்று எட்டிப் பார்ப்பதற்குள் தண்ணீர் படியேறி வீட்டுக்குள் வந்துவிட்டது. கரண்டும் போய்விட்டது. சிவபாண்டி மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். சின்னவன் முத்துமீனாவின் இடுப்பில் இருந்தான். மிச்சமிருந்த கையால் அவள் சுவரைப் பிடித்து நடந்தாக வேண்டும். சாக்கடை எங்கே வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறதோ, யார் கண்டது?

தினசரி மாத்திரை டப்பா இருட்டில் அகப்படவில்லை. அவள் கை பையை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது.

"சாமிக்கு வச்சதுங்க. மறுபூஜை போடாம எடுத்து, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சிவபாண்டிக்கும் ஒரு கைதான் காலி. பலகையில் ஒரு பக்கம் போன மாதம் வாங்கிய டிரில்லிங் மிஷின். அதுதான் அவன் பிழைப்பு. இன்னொரு பக்கம் குங்குமப் பை. மிஷினை ஒரு தடவை பார்த்தான். பிறகு பையை வெடுக்கென்று எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான்.

"பாவம் வந்தா எனக்கு வரட்டும். நீ நட."

அதே பள்ளிக்கூடம், அதே வகுப்பறை. டார்ச் வெளிச்சத்தில் மாத்திரை அட்டை ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் வெளியே வந்தது. விழுங்கிய பிள்ளை அம்மா மடியில் நிம்மதியாகத் தூங்கினாள். முத்துமீனாதான் கண்ணைக்கூட மூடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் ராம்கி வந்தான். "வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி நிக்குதுண்ணே. உங்க மிஷினு..."

"தெரியும் மாப்ள" என்றான் சிவபாண்டி. அவன் முகம் வாடிவிட்டது.

"அப்பா, இன்னைக்கு விஜயதசமில்ல? மறுபூஜை போடலையா?" என்றாள் எழுந்து உட்கார்ந்த சத்யப்ரியா.

அவன் மகளைப் பார்த்தான். எழுந்து, பையைத் துடைத்துப் பெஞ்சின் மேல் வைத்தான். குங்குமம் கரைந்து துணியெல்லாம் இழுகியிருந்தது. மிச்சமிருந்த பிஸ்கட்டைப் பிரித்து அதன் முன்னால் வைத்தான்.

"வா மீனா, கும்பிட்டு எடுத்துக்க."

கேலி செய்கிறானோ என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இல்லை. கை கூப்பி, கண்ணை மூடி, நிஜமாகவே கும்பிட்டுக்கொண்டிருந்தான்.