காகிதமில்லாத பிரிண்டர்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பிளாஸ்டிக் துண்டுகளைச் சூட்டில் வைத்துச் சோதிக்கும் அறை இருந்தது. அதை ஓட்டியது ஒரு பழங்காலக் கம்ப்யூட்டர். புரோகிராம் ஓடும்போது கதவைச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். புரோகிராமை மூடினால்தான் திறக்கும். மூடும்போது அது பிரிண்டரைத் தேடும். கிடைக்காவிட்டால் திரை உறைந்துவிடும். அதற்காகவே காகிதமில்லாத பிரிண்டர் ஒன்றை இணைத்து வைத்திருந்தார்கள். "தற்காலிகம்தான்" என்று சூப்பர்வைசர் கண்ணப்பன் சொல்லிப் பல வருஷமாயிற்று.

அன்று முப்பிடாதி உள்ளே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். தள்ளுவண்டி இடித்துக் கதவு சாத்திக்கொண்டது. வெளியிலிருந்த, கூட வேலை செய்யும் லீலா பதறாமல் புரோகிராமை மூடினாள். திரை அசையவில்லை. திரும்பிப் பார்த்தாள், பிரிண்டர் இருந்த இடம் காலி. யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று, காலையில்தான் பழைய சாமான்களையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

லீலா ஹீட்டரை அணைத்தாள். ஆனால் சுவர்கள் முந்தைய சோதனையின் சூட்டில் கொதித்தன. அவசரத்துக்கு உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியோ எப்போதோ உடைந்துபோயிருந்தது.

"யக்கா, மூச்சு முட்டுது! கதவத் தொறங்க!" கண்ணாடிக்குப் பின்னால் முப்பிடாதியின் முகம் சிவந்திருந்தது.

"இரும்மா, தோ தொறந்துர்றேன்!"

கண்ணப்பன் ஓடிவந்து கம்ப்யூட்டரை அணைத்தார். அப்போதும் பூட்டு விடவில்லை. திரும்பப் போட்டார். புரோகிராம் மெதுவாக எழுந்தது. மூடினார். மறுபடி உறைந்தது.

"சர்வீஸ் ஆளுக்கு போன் போடுறேன்."

"அவன் வர்றதுக்குள்ள இன்னா ஆவும் சார்? கண்ணாடிய ஒடைங்க!"

"மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை..."

உள்ளிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. முப்பிடாதி சுவரோரம் சரிந்தாள். லீலா தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக் கண்ணாடியில் மோதினாள். இரண்டாவது அடியில் கண்ணாடி நொறுங்கியது. அவளே உள்ளே இறங்கி, தோழியைத் தூக்கிக் கொடுத்தாள். லீலாவின் கையெல்லாம் ரத்தம்.

முப்பிடாதி பிழைத்தாள். தண்டலம் ஆஸ்பத்திரியிலிருந்து சில நாளில் விடுதிக்குத் திரும்பினாள். சொத்தைச் சேதப்படுத்தியதாக லீலாவுக்கு மெமோ வந்தது. கடையிலிருந்து இன்னொரு பழைய பிரிண்டர் வாங்கி வைத்தார்கள். புதுக் கண்ணாடியும் வந்தது.

"மறுபடி அந்த ரூமுக்குள்ள போவியா?" என்று லீலா கேட்டாள்.

"போவலேன்னா ஊருக்குத்தான் போவணும். அங்க என்ன இருக்கு?"

மறுநாள் ஷிப்டுக்கு முன் முப்பிடாதி கழிவறைக்குப் போனாள். தாழ்ப்பாளைப் போட்டவள் உடனே திறந்து, வெளியே எட்டிப் பார்த்து லீலாவைக் கூப்பிட்டாள்.

"யக்கா, வெளிய நில்லுங்க. பேசிக்கிட்டே இருங்க."

லீலா கதவில் சாய்ந்து நின்று, வாயில் வந்ததையெல்லாம் பேசிக்கொண்டேயிருந்தாள்.