கோரமண்டல் லைனில் ஒரு மாடி

பாப்பம்மா கேட்டது அடுப்புக்கு ஒரு தடுப்பு. அதற்கு மேல் தான் எதையும் கேட்கவில்லை என்று அந்த ஆடி மாதம் முழுவதும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் வலித்துப்போனது.

சிவசமுத்திரத்திலிருந்து தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்த வருஷம் அது. மின்சாரம் சுரங்கத்துக்குத்தான் வந்ததே தவிர, கோரமண்டல் லைனில் வரிசையாக நின்ற கூலிக்காரர்களின் வீடுகள் பழையபடியே இருந்தன. நாலு பக்கமும் மூங்கில் தட்டி, அதன்மேல் மண் பூச்சு, மேலே கூரை, உள்ளே ஒரே அறை. பாப்பம்மாவின் புருஷன் சம்பங்கி, சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுப்பவன். அவனும் அவளும் இரண்டு பெண் குழந்தைகளும் அந்த ஒற்றை அறையில்தான் படுத்தார்கள். அடுப்பும் அங்கேயே ஒரு மூலையில். ஈர விறகு புகைந்து சின்னவள் இருமிக்கொண்டே கிடந்தாள். பின்பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு தடுப்பு வைத்து அடுப்பை அங்கே கொண்டுபோனால் போதும் என்றாள் பாப்பம்மா.

லைன் மேஸ்திரி ராஜப்பா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அளந்து விட்ட இடத்துக்கு வெளியே ஒரு கம்பு நட்டாலும் பிடுங்கி எறிவேன் என்றார். ஒரு வீட்டுக்கு விட்டால் மறுநாளே லைன் முழுக்க அவர் வாசலில் வந்து நிற்கும் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் பாப்பம்மாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு இன்பராஜ் அந்தப் படத்தைக் கொண்டுவந்தான். அவன் இஞ்சினியர் துரை பங்களாவில் சாப்பாட்டு மேசையில் பரிமாறும் வேலை பார்ப்பவன். துரை படித்துப் போடும் பழைய பத்திரிகைகளை வீட்டுக்கு எடுத்து வந்து தட்டியில் ஒட்டுவான். இந்தத் தடவை வந்தது நியூயார்க் என்ற ஊரின் படம். முப்பது மாடிக் கட்டிடம் ஒன்று ஆகாசத்தில் நின்றது. ஆபீசுகளுக்கென்று கட்டியதில் உலகத்திலேயே அதுதான் உயரம் என்று துரை சொன்னாராம்.

சம்பங்கி முதலில் நம்பவில்லை. கல்லின்மேல் கல் வைத்து அவ்வளவு உயரம் போனால் அடிக் கல் நசுங்கிவிடும் என்றான். இன்பராஜ் இன்னொரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். அதே ஊரில் பாதி கட்டிய வேறொரு கட்டிடம். கீழ்மாடிகளில் வெறும் இரும்புத் தூண்களும் உத்தரங்களும் எலும்பு மாதிரி நிற்க, நடு மாடியிலிருந்து மேலே சுவர் எழும்பியிருந்தது. சுவர் எதையும் தாங்குவதில்லை, பாரமெல்லாம் இரும்புச் சட்டத்தில்தான், சட்டையை ஆணியில் மாட்டுவது மாதிரி சுவரை அதில் மாட்டியிருக்கிறார்கள் என்று துரை விளக்கியதை இன்பராஜ் ஒப்பித்தான். அந்த ஊரில் நிலம் பொன் விலை, பக்கவாட்டில் போக இடமில்லாததால்தான் மேலே போனார்கள் என்றும் சொன்னான்.

சம்பங்கி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு வீட்டுக்கு வந்து, "நமக்கும் எடம் இல்லதானே?" என்றான்.

பாப்பம்மாவுக்கு அப்போது புரியவில்லை. புரிந்திருந்தால் அங்கேயே தடுத்திருப்பாள்.

அடுத்த வாரம் பூதிகோட்டையிலிருந்து வண்டி நிறைய சவுக்குக் கம்பும் மூங்கிலும் வந்து இறங்கின. ஷிப்டு முடிந்து வந்ததும் சம்பங்கி வீட்டைப் பிரித்தான். கூரை போனது, தட்டிகள் போயின. பாப்பம்மா சட்டி பானைகளையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு இன்பராஜ் வீட்டு இறவாரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நாள் வேலை என்றான். அது வளர்ந்துகொண்டே போனது. பகலெல்லாம் சுரங்கத்தில் மரம் தூக்கியவன் சாயங்காலம் இங்கேயும் மரம் தூக்கினான். கம்புகளை ஆழமாக நட்டு, குறுக்கு மரங்களைக் கம்பியால் முறுக்கிக் கட்டி, மேலே ஒரு தளம் எழுப்பி, அதற்கும் மேலே கூரையைப் போட்டான். கூரைக் கைமரங்களைத் தூண்களுக்கு வெளியே நன்றாக நீட்டிவிட்டிருந்தான். சட்டம் உறுதியாக இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. முட்டுக் கொடுக்கத் தெரிந்தவன்தானே.

ஆனால் தட்டி கட்ட ஆரம்பித்தபோது மேல்மாடியிலிருந்து ஆரம்பித்தான்.

பாப்பம்மா கீழே நின்று பார்த்தாள். மேலே நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு வருகிறது. கீழே, அவர்கள் குடியிருக்கிற இடத்தில், கம்புகளுக்கு நடுவே தெருநாய் ஒன்று நடந்து போகிறது.

"யோவ், கீழ மொதல்ல அடையேன்யா. போறவன் வர்றவன்லாம் பாக்கறான்."

"பாக்கணும்னுதான்மே கட்றேன். கீழ சொவுரு இல்லாம மேல சொவுரு நிக்கிது பாரு. அங்க அப்படித்தான் கட்றாங்க."

"அங்க கட்டறவன் பொண்டாட்டி உள்ளயா ஒக்காந்து சோறாக்கறா?"

அவன் அடுத்த தட்டியைத் தூக்கி மாட்டினான். லைன் முழுவதும் வேடிக்கை பார்க்க வந்தது. தள்ளியிருந்த ஸ்கெலட்டன் லைனிலிருந்துகூட ஆட்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். சம்பங்கி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்கினான். பாப்பம்மா தன் புடவைகளைக் கீழ்க் கம்புகளில் சுற்றிக் கட்டி அதற்குள் சமைத்தாள், அதற்குள் துணி மாற்றினாள். ஆடிக் காற்று ஒவ்வொரு தடவை புடவையைத் தூக்கும்போதும் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

அடுப்பு எங்கே என்று கேட்டதற்கு, கீழேயே இருக்கட்டும், நாம் மேலே படுத்துக்கொள்ளலாம் என்றான். புகை எங்கே போகும் என்று கேட்டாள். புகை மேலேதான் போகும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சரி, அடுப்பை மேலே கொண்டுபோ என்றான். மேலே தண்ணீரை யார் தூக்குவது என்றாள். அதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு உயரத்துக்கு நியூயார்க் ஜனங்கள் குடம் தூக்கிக்கொண்டா ஏறுகிறார்கள், சுரங்க ஷாப்ட்டில் நாம் இறங்குகிற கேஜ் கூண்டு மாதிரி ஒன்றில் நின்றால் அதுவே மேலே கொண்டுபோய் விடுமாம், அது இல்லாவிட்டால் முப்பது மாடி கட்டி என்ன பிரயோஜனம் என்று சொல்லிக்கொண்டே ஒரு கப்பியை உத்தரத்தில் கட்டினான். நிறைகுடத்தைக் கயிற்றில் மாட்டி இழுத்தான். குடம் பாதி வழியில் சுழன்று குறுக்கு மரத்தில் மோதி உடைந்தது. தண்ணீரும் உடைந்த ஓடும் பாப்பம்மாவின் தலையில் விழுந்தன.

அவள் தலையிலிருந்து ஓட்டுத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி குழாயடிக்குப் போனாள். திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெருங்காற்று அடித்தது. தங்கப் பாறையை நொறுக்கும் ஸ்டாம்பு மில்லின் இடிச் சத்தத்தையும் மீறிக்கொண்டு மாடி கிறீச்சிட்டது. பாப்பம்மா குழந்தைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். சட்டம் ஆடியது, ஆனால் சாயவில்லை. மேல்மாடித் தட்டி ஒன்று மட்டும் கட்டவிழ்ந்து பறந்துபோய்க் குழாயடியில் வரிசையாக வைத்திருந்த பானைகளின்மேல் விழுந்தது. பெண்கள் ராஜப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவர் பானைகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. அந்த மாடியில் நின்றால் லைனில் எல்லாப் பெண்களும் குளிக்கிற மறைப்பு தெரிகிறது என்று ஒரு வாரமாகப் புகார் என்றார். சம்பங்கிக்கு முகம் விழுந்துவிட்டது. அவன் மேலே நின்றபோதெல்லாம் தன் முடிச்சுகளைத்தான் பார்த்தான், வேறு எதையும் பார்த்தவன் இல்லை. அது பாப்பம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் இன்று பொழுது சாய்வதற்குள் மாடியைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் விட்டு அடியோடு பிடுங்குவேன் என்றார் மேஸ்திரி.

"சட்டம் சாயலியே மேஸ்திரி," என்றான் சம்பங்கி. "காத்துல நின்னுச்சே. பாத்தீங்கதானே."

அவன் குரல் உடைந்திருந்தது. பாப்பம்மாவுக்கு அவன்மேல் இருந்த கோபம் அப்படியே மேஸ்திரியின் பக்கம் திரும்பியது. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. இடம் கொடுத்திருந்தால் இந்த ஆள் மேலே ஏறியிருப்பானா என்று கேட்டாள். அடுப்புக்கு ஒரு மூலை இல்லாமல் குழந்தை இருமுகிறது, எல்லாரும் மாடியைப் பார்க்க வருகிறீர்கள், ஒருவர்கூட அடுப்பைப் பார்க்கவில்லை என்றாள். ராஜப்பா சட்டம் பேச ஆரம்பித்தார். வெளியே கம்பு நடக்கூடாது, அவ்வளவுதான் என்றார்.

பாப்பம்மா பேச்சை நிறுத்தி, கூரையை அண்ணாந்து பார்த்தாள். தூண்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைமரங்களைப் பார்த்தாள்.

"யோவ், சொவுரு எதயும் தாங்காது, மாட்டுனா போதும்னியே," என்றாள் புருஷனிடம். "அந்தக் கூரய எறக்கிக் கீழ்ச் சட்டத்து மேல வை. பின்பக்கத் தட்டிய கைமரத்து நுனில மாட்டு. கீழ ஒரு கம்பு கூட நட வேணாம்."

சம்பங்கி அரிவாளை எடுத்துக்கொண்டு ஏறினான். இன்பராஜும் கூட ஏறினான். பொழுது சாயும்போது மாடி இல்லை. கூரை கீழ்ச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. பின்பக்கத் தட்டி தூணைவிட்டுத் தள்ளி, கைமர நுனிகளிலிருந்து தரையைத் தொடாமல் தொங்கியது. தூணுக்கும் தட்டிக்கும் நடுவே, ஒரு பெண் உட்கார்ந்து அடுப்பு ஊத இடம் இருந்தது. காற்றில் ஆடாமல் அதன் அடி ஓரங்களைத் தூண்களோடு சேர்த்துக் கட்டினார்கள்.

ராஜப்பா சுற்றி வந்து பார்த்தார். குனிந்து தட்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். தரையில் எதுவும் நடப்பட்டிருக்கவில்லை. உடைந்த பானைகளுக்குப் பதில் பானை வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, "ஒங்க வூட்டு ரோதனை பெரிய ரோதனை" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மறுநாள் பாப்பம்மா அங்கே கேழ்வரகுக் களி கிண்டினாள். புகை தட்டிக்குக் கீழேயும் மேலேயும் வழி கண்டு வெளியே போனது. உள்ளே சின்னவள் தூங்கினாள். சம்பங்கி சாப்பிட உட்காராமல், பிரித்துப்போட்ட கம்புகளின் அருகே நின்றுகொண்டிருந்தான். தட்டி தொங்குவதைப் பார்க்க இரண்டு வீட்டுப் பெண்கள் வந்து, பாப்பம்மாவிடம்தான் விவரம் கேட்டார்கள். மாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவள் தட்டில் களியை வைத்து அவன் கையில் கொடுத்தாள். நீ கட்டின சட்டம் நல்ல சட்டம்தான், அது இல்லாவிட்டால் இது தொங்காது என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவன் வாயைத் திறந்தான். "அந்த ஊர்ல அந்த முப்பது மாடியவிட ஒசரமா இன்னொண்ணு கட்டப் போறாங்களாம்மே. இன்பராஜ் சொன்னான்."

பாப்பம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சுரங்கத்தில் ஷிப்டுச் சங்கு ஊதியது.

"துன்னுட்டுக் கெளம்புய்யா," என்றாள்.